விதியை எழுதியவர்

தலையெழுத்தை எழுதுகிறவர் பிரம்மா என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்வார்கள். நான் இங்கே சொல்லப்போவது வேறு விதி, நண்பர்களே. ஆட்டத்தின் விதி. அதை எழுதுகிறவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். ஒரு ரூமில் உட்கார்ந்து பேப்பரில் ஒரு வரியை மாற்றுகிறார்கள். அடுத்த சீசனில் மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரும் வேறு மாதிரி ஓடுகிறார்கள். சில சமயம் அந்த ஒரு வரியால் ஒரு பையன் உயிரே போகிறது. சில சமயம் பிழைக்கிறது. இப்படி நாற்பத்தேழு வருஷம் விதி எழுதும் கமிட்டிகளிலேயே வாழ்ந்து முடித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் வால்டர் கேம்ப். அமெரிக்கர்.

மலருக்கு விளையாட்டு வீரர் வரலாறு எழுதணும்னா எல்லாரும் தியான் சந்த், பீலே, முகமது அலின்னுதான் போவாங்க. அவங்கள்லாம் ஜெயிச்சவங்க. கேம்ப்பும் நிறைய ஜெயிச்சவர்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா நான் அவரைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் அவர் ஜெயிச்ச ஆட்டங்கள் இல்லை. அவர் தோற்றுப்போன ஒரு கமிட்டிக் கூட்டம். அது பின்னால் வரும்.

1859 ஏப்ரல் 7ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். நியூ ஹேவனில் ஹாப்கின்ஸ் பள்ளியில் படித்துவிட்டு, 1876இல் அதே ஊரிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வருஷம்தான் அங்கே எல்லாம் ஆரம்பம்.

அதற்கு முன்னால் அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்றால் ஊருக்கு ஒரு விதி. ஹார்வர்டு ஆடுகிற ஆட்டம் பிரின்ஸ்டனுக்குப் புரியாது. பந்தைக் காலால் மட்டும் உதைக்கணுமா, கையில் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. 1874 மே மாதம் கனடாவிலிருந்து மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்தது. ஒரு நாள் ஹார்வர்டு விதிப்படி, மறுநாள் மெக்கில் கொண்டுவந்த ரக்பி விதிப்படி என்று ஒப்பந்தம். ரக்பி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. ஆனால் ஹார்வர்டு பையன்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தங்கள் சொந்த ஆட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டு ரக்பிக்கு மாறிவிட்டார்கள். 1876 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா நான்கும் கூடிப் பேசி, இங்கிலாந்தின் ரக்பி யூனியன் விதிகளைச் சில மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டன. யேல் மட்டும் ஒரு அணிக்கு பதினோரு பேர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, சங்கத்தில் சேராமல் வெளியே நின்றது. ஆக, கேம்ப் கற்றுக்கொண்ட ஆட்டம் ஏறக்குறைய அசல் பல்கலைக்கழக ரக்பி.

அந்த மாநாட்டுக்குச் சில நாள் முன்னால், நவம்பர் 18ஆம் தேதி, நியூ ஹேவனில் யேலும் ஹார்வர்டும் மோதின. கேம்ப்புக்கு அப்போது பதினேழு வயது, முதலாமாண்டு மாணவர். ஒல்லி. இவ்வளவு சின்னப் பையனையா இறக்குகிறீர்கள், அடிபட்டுவிடுவானே என்று ஹார்வர்டு கேப்டன் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆட்டத்தில் ஹார்வர்டு கோட்டைத் தாண்டி இரண்டு முறை டச் டவுன் செய்தது. யேல் ஒரே ஒரு கோல்தான் உதைத்தது. ஜெயித்தது யேல்! ஏன்னா, கோல் மட்டும்தான் கணக்கு என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே யேல் கேப்டன் பேசி வைத்துவிட்டார், ஹார்வர்டும் தலையாட்டிவிட்டது. மைதானத்தில் இறங்குவதற்கு முன்னாடியே ஒரு ஆட்டத்தை ஜெயிக்க முடியும் என்பதைக் கேம்ப் தன் முதல் பெரிய ஆட்டத்திலேயே கண்ணால் பார்த்தார். அந்தப் பாடம் அவரைவிட்டுப் போகவே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டே வருஷத்தில், 1878இல், யேல் கேப்டனாக விதி மாநாட்டுக்குப் போனார். வயது பத்தொன்பது. பதினைந்து பேரைப் பதினொன்றாகக் குறைக்கச் சொன்னார். முடியாது என்றார்கள். மறுவருஷமும் கேட்டார், மறுபடியும் முடியாது. 1880இல் மூன்றாவது முறை கேட்டபோது ஒத்துக்கொண்டார்கள். கூடவே இன்னொரு மாற்றமும் அந்த வருஷமே வந்தது. அதுதான் பெரிசு.

ரக்பி பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியின் முன்வரிசை ஆட்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளுவது. பந்து நடுவில் தரையில் கிடக்கும். அந்தக் காலத்தில் பந்தை எதிரி பக்கமாக முன்னே உதைத்துத் தள்ளுவதுதான் கௌரவம், பின்னால் குதிகாலால் தட்டுவது கௌரவக் குறைச்சல். பந்து எந்தப் பக்கம், யார் கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்துப் பையன்களுக்கு அந்த நிச்சயமின்மைதான் சுவாரஸ்யம். அமெரிக்கப் பையன்களுக்கு அது பொறுக்கவில்லை. பந்து வராமலே அரை மணி நேரம் தள்ளுவதில் என்ன இருக்கு? அவர்கள் பந்தைப் பின்னால் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கேம்ப் இதை விதியாகவே ஆக்கினார். பந்து வைத்திருக்கிற அணியின் ஆள் ஒருவர் அதைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் தள்ளுவார். முதலில் வாங்குகிறவருக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். அவர் தானே முன்னே ஓடக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. பார்க்க ஒரு வரி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இனிமேல் பந்து யாரிடம் இருக்கும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரியும்! தெரிந்துவிட்டால் திட்டம் போடலாம். திட்டம் போட்டால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுக்கலாம். கேம்ப் முன்வரிசையில் ஏழு பேர், பின்னால் ஒரு குவார்ட்டர், இரண்டு ஹாஃப், ஒரு ஃபுல்பேக் என்று அடுக்கினார். திட்டத்தைச் சொல்ல ரகசிய சிக்னல்கள் வந்தன, முதலில் வார்த்தைகளாக, பிறகு எண்களாக. ரக்பியில் கண்ணெதிரில் நடப்பதைப் பார்த்து அந்தந்த நேரத்தில் முடிவெடுப்பவன்தான் நல்ல ஆட்டக்காரன். கேம்ப்பின் ஆட்டத்தில் முதல் நாள் ராத்திரியே முடிவெடுத்துவிடலாம். நம்ம டிராயிங் ஹால் பாஷையில் சொன்னால், ஃப்ரீ ஹேண்ட் ஸ்கெட்ச் போய் டிராஃப்டர் வந்த மாதிரி.

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம். பந்து நிச்சயமாக உங்களிடம் இருக்கும், எதிரி பிடுங்க வழியில்லை என்றால், அதை ஏன் நீங்கள் விட வேண்டும்?

1880 நன்றியறிதல் நாளில் யேலும் பிரின்ஸ்டனும் ஆடின. பிரின்ஸ்டன் முந்தைய வருஷத்து சாம்பியன். டிரா ஆனால் பட்டம் தங்களிடமே இருக்கும் என்பது அவர்கள் வாதம். அதனால் ஜெயிக்க முயற்சியே செய்யவில்லை. நெருக்கடி வரும்போதெல்லாம் தங்கள் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் போய்ப் பந்தைத் தரையில் வைத்தார்கள். அன்றைய விதிப்படி அதற்கு ஒரு தண்டனையும் கிடையாது. பந்தை 25 கெஜக் கோட்டுக்கு எடுத்துவந்து நிம்மதியாக உதைத்துவிடலாம். முடிவு 0-0. மறுவருஷம், 1881, இன்னும் கேவலம். முதல் பாதி முழுக்கப் பந்து பிரின்ஸ்டனிடம். தரையில் வைப்பார்கள், எடுப்பார்கள், விழுவார்கள், மறுபடி வைப்பார்கள். நாற்பத்தைந்து நிமிஷம்! இரண்டாவது பாதியில் பந்து யேலுக்கு. யேல் என்ன செய்தது தெரியுமா? அதே வேலையை அப்படியே திருப்பிச் செய்தது. அதுவும் 0-0. காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள், பத்திரிகைகள் கிழித்தன.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், யாருமே விதியை மீறவில்லை. எல்லாம் சட்டப்படி சரி. விதி எழுதிய கேம்ப்பின் யேல் அணியே அந்த இரண்டாம் பாதியில் பந்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஓட்டை எங்கே என்று அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

1882இல் அந்த ஓட்டையை அடைக்க வந்த விதிதான் இன்றுவரை அமெரிக்கன் ஃபுட்பாலின் முதுகெலும்பு. அடுத்தடுத்து மூன்று முயற்சிக்குள், அதாவது மூன்று டவுனுக்குள், ஐந்து கெஜமாவது முன்னேறு. இல்லாவிட்டால் பந்தை எதிரியிடம் கொடு. புரோ கபடி பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இரண்டு ரெய்டு பாயின்ட் இல்லாமல் போனால் மூன்றாவது டூ ஆர் டை. ஆளைத் தொடாமல் திரும்பினால் அவுட். நோய் ஒன்றுதான், மருந்தும் அதே ஜாதி.

அஞ்சு கெஜம்னு எப்படி அளக்கிறது? மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு போட்டார்கள். மேலேயிருந்து பார்த்தால் இறைச்சி வாட்டுகிற இரும்புக் கம்பித் தட்டு மாதிரி இருந்தது. கிரிடயர்ன் என்று மைதானத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் எழுதிய விதிப்படி, ஐந்து கெஜம் முன்னேறாவிட்டாலும் பத்து கெஜம் பின்னால் போயிருந்தால் பந்து உங்களிடமே இருக்கும். முன்னேற முடியலைன்னா பின்னாடி ஓடிடு! அப்படிச் செய்து பந்தைக் காப்பாற்றிய அணிகளும் இருந்தன. ஒரு ஓட்டையை அடைக்கப் போட்ட சிமெண்டில் இன்னொரு ஓட்டை.

1883இல் பாயின்ட் முறை வந்தது. டச் டவுனுக்கு இரண்டு என்றார்கள், சீக்கிரமே நான்கு என்று உயர்த்தினார்கள். இப்படி எண்ணை மாற்றினால் ஓடுவதா உதைப்பதா என்ற கணக்கே மாறும். இன்றைய ரக்பியிலும் இதே கதைதான், டிரைக்கு நான்காக இருந்ததை 1992இல் ஐந்தாக்கினார்கள்.

கேம்ப் 1880இல் பட்டம் வாங்கிவிட்டு யேலிலேயே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அப்போது பட்டம் வாங்கியவர்களும் தொடர்ந்து அணியில் ஆடலாம், அவரும் 1882 வரை ஆடினார். மருத்துவப் படிப்பை முடிக்காமலே விட்டுவிட்டுக் கடிகாரக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நியூ ஹேவன் கிளாக் கம்பெனியில் 1883இல் சேர்ந்து, 1903இல் அதன் தலைவரே ஆனார். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு எஸ்கேப்மென்ட் ஞாபகம் வரும். வீல் ஒரு பல் நகரும், நிற்கும், இன்னொரு பல் நகரும், நிற்கும். ஓடு, நில், அள, மறுபடி ஓடு என்கிற அவருடைய ஆட்டமும் அச்சு அசல் அதுதான். ஆனால் ஆட்ட விதி முதலில் வந்தது, கடிகார வேலை பின்னாடிதான் கிடைத்தது. எனவே நான் இதை ஒரு பொருத்தம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

1888இல் ஆலிஸ் என்ற பெண்ணை மணந்தார். அதே வருஷம் யேல் அணிக்கு ஹெட் கோச். கோச் பதவிக்குச் சம்பளம் இல்லை, பகலில் கம்பெனி வேலை. அப்புறம் எப்படிப் பயிற்சி கொடுப்பது? சாயங்காலப் பயிற்சியை மைதானத்து ஓரத்தில் நின்று ஆலிஸ் பார்த்துக் குறிப்பெடுப்பார். ராத்திரி வீட்டில் அதை வைத்துக் கேம்ப் மூத்த ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து மறுநாள் திட்டம் போடுவார். யார் சரியாக ஓடவில்லை, யார் குனியவில்லை என்பதெல்லாம் அந்த அம்மாள் கண்ணுக்குத் தப்பாது. உண்மையில் 1888 யேல் அணிக்கு இரண்டு கோச். அந்த சீசனில் 13 ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி, எடுத்தது கிட்டத்தட்ட 700 பாயின்ட். கொடுத்தது எவ்வளவு? சைபர்! 1892 வரை ஐந்து வருஷத்தில் 67 வெற்றி, இரண்டே தோல்வி. ஆலிஸ் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்த 1888இல்தான் இன்னொரு விதியும் மாறியது. அதுவரை ஆளை இடுப்புக்கு மேலேதான் பிடிக்கலாம். இனி முழங்கால் வரை பிடிக்கலாம் என்றார்கள். பந்துக்காரனுக்கு வழிவிட எதிரியைத் தடுப்பவர்கள் கையை நீட்டித் தடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். கேம்ப் ஆதரித்த மாற்றங்கள் இவை. ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் காலைப் பிடித்துவிட்டால் எவ்வளவு வேகமான ஆளும் விழுந்துவிடுவான். திறந்த வெளியில் ஓடுவது வீண் என்று ஆகிவிட்டது. கை நீட்ட முடியாத தடுப்பாளர்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். அகலமாகப் பரவி நின்ற அணி உள்ளே சுருங்கியது. மூன்று டவுனில் ஐந்து கெஜம் வேண்டும், அவ்வளவுதானே? பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து, பந்து வைத்திருப்பவனை நடுவில் வைத்து, எதிரியில் ஒரே ஒரு ஆளைக் குறிவைத்து மோதினால் ஐந்து கெஜம் கிடைத்துவிடும். அந்த ஒரு ஆள் கதி?

இதன் உச்சம் 1892 நவம்பர் 19, ஸ்பிரிங்பீல்டில் நடந்த ஹார்வர்டு - யேல் ஆட்டம். லோரின் டிலண்ட் என்று ஒரு பாஸ்டன்காரர். செஸ் பைத்தியம், நெப்போலியனின் போர்முறை படிப்பவர். ஃபுட்பால் ஆடினதே கிடையாது. அவர் விதியைப் படித்து ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். ஆட்டம் தொடங்கும்போது உதைக்கிறவர் பந்தைக் காலால் லேசாகத் தொட்டுவிட்டுத் தானே எடுத்துக்கொள்ளலாம், நிஜமாக உதைக்க வேண்டியதில்லை. பந்து தொடங்கும்வரை எதிரி அசைய முடியாது. ஆனால் தன் ஆட்கள் தூரத்திலிருந்தே ஓடி வரலாம்! இரண்டாவது பாதித் தொடக்கத்தில் ஹார்வர்டு ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பின்னாலிருந்து ஓடிவந்து, ஒரு ஆப்பு வடிவத்தில் சேர்ந்து, நின்றுகொண்டிருந்த யேல் ஆட்கள் மேல் முழு வேகத்தில் மோதினார்கள். பறக்கும் ஆப்பு என்று பெயர். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம் என்று முதலாமாண்டு பிசிக்ஸில் படித்தோமே, அதை மனித உடம்பில் செய்து காட்டினார். அந்த ஆட்டத்தை யேல்தான் 6-0 என்று ஜெயித்தது. ஆனால் மறுவருஷம் பார்த்தால் ஊரெல்லாம் ஆப்பு.

1894இல் அதைத் தடை செய்தார்கள். தொடக்க உதை பத்து கெஜமாவது போக வேண்டும், பந்து அசையும் முன்பு மூன்று பேருக்கு மேல் ஓடி வரக் கூடாது. கேம்ப் டிலண்டைத் திட்டவில்லை. 1896இல் இருவரும் சேர்ந்து ஃபுட்பாலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். திட்டம் போடுகிற மூளைக்கு இன்னொரு அப்படிப்பட்ட மூளையைப் பிடிக்கும் போல.

இங்கேதான் எனக்கு அவர் மேல் கோபம். ஆட்டம் ஆபத்தானது என்ற கூச்சல் கிளம்பியபோது, பழைய ஆட்டக்காரர்களுக்கும் பள்ளி, கல்லூரி நிர்வாகிகளுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து 1894இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். படித்தால் ஃபுட்பால் உடம்புக்கும் குணத்துக்கும் நல்லது என்று தோன்றும். அவருக்குப் பிடிக்காத பதில்கள் பலவற்றை அவர் விட்டுவிட்டார் என்று பிற்கால ஆய்வாளர்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் கெட்டவர் இல்லை. பணம் சம்பாதிக்கவும் அதைச் செய்யவில்லை. தான் செய்த மெஷினில் விரிசல் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. வொர்க்ஷாப்பில் ஜாப் கெட்டுப்போனால் நாம் மட்டும் உடனே ஒத்துக்கொள்கிறோமா என்ன?

ஆப்பு போனாலும் நெருங்கி மோதும் ஆட்டம் போகவில்லை. ஐந்து கெஜம் போதும் என்கிற விதி இருக்கும்வரை அது போகாது. 1905 சீசனில் 18 பேர் செத்ததாக சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை கணக்குக் கொடுத்தது. பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பையன்கள். அக்டோபர் 9ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். ஆட்டத்தை ஒழிக்க அல்ல, காப்பாற்ற. அவருக்கு ஃபுட்பால் பிடிக்கும், அவர் மகனே ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தான். யேல் சார்பில் கேம்ப் போயிருந்தார். ஒழுங்காக ஆடுவோம் என்று ஓர் உறுதிமொழியோடு கலைந்தார்கள். விதியில் ஒரு எழுத்து மாறவில்லை. நவம்பர் கடைசியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடிய யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். கொலம்பியா ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத் தலைவர் மக்கிராக்கன் கூட்டிய மாநாட்டுக்கு 62 கல்லூரிகள் வந்தன. கேம்ப்பின் பழைய கமிட்டிக்குப் போட்டியாக ஒரு புதுக் கமிட்டி பிறந்தது.

அந்த டிசம்பரில் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் ஒரு பரிசோதனை ஆட்டம் நடந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஃபேர்மவுண்ட், வாஷ்பர்ன் என்ற இரண்டு கல்லூரிகள் ஆடின. ஐந்துக்குப் பதில் மூன்று டவுனில் பத்து கெஜம் எடுக்க வேண்டும், பந்தை முன்பக்கம் எறியலாம் என்று வைத்துப் பார்த்தார்கள். முடிவு 0-0. பத்து கெஜம் எடுப்பது பெரும்பாடாக இருந்தது, உதைத்து உதைத்தே காலத்தை ஓட்டினார்கள். நம்ம லேபில் ரீடிங் சரியாக வராத முதல் டிரையல் மாதிரி. ஆனால் டிரையல் என்று ஒன்று போட்டுப் பார்க்க யாரோ துணிந்தார்களே, அதற்கே ஒரு சபாஷ்.

1906 ஜனவரியில் இரண்டு கமிட்டியும் ஒன்றாக உட்கார்ந்தன. இதுதான் நான் முதலில் சொன்ன கூட்டம். கேம்ப் இத்தனை வருஷம் வைத்திருந்த செயலாளர் நாற்காலி ஹார்வர்டு கோச் பில் ரீடுக்குப் போய்விட்டது. பத்து கெஜ விதியைக் கேம்ப்பும் விரும்பினார். பத்து என்றால் மோதி மோதி எடுக்க முடியாது, அணிகள் தானாகவே பரவி ஓடும் என்பது அவர் கணக்கு. மைதானத்தை அகலமாக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அதற்குத் தடை எங்கிருந்து வந்தது தெரியுமா, சிவில் நண்பர்களே? 1903இல் ஹார்வர்டு கட்டியிருந்த கான்கிரீட் ஸ்டேடியத்திலிருந்து! இருக்கைகளை இடிக்காமல் அங்கே அகலப்படுத்த இடமில்லை. மிஞ்சியது முன்பக்கம் எறிவது, ஃபார்வர்டு பாஸ். ரக்பியில் அன்றும் இன்றும் அது குற்றம். கேம்ப் எதிர்த்தார். அவர் வளர்த்த ஆட்டத்தின் உயிரே பந்து பத்திரமாகக் கையில் இருப்பது. காற்றில் எறிந்தால் அதிர்ஷ்டம் அல்லவா தீர்மானிக்கும்? ஆனாலும் கமிட்டி பாஸைச் சேர்த்துவிட்டது. கூடவே மூன்று டவுனில் பத்து கெஜம், இரு அணிக்கும் நடுவே ஒரு பந்து நீளம் இடைவெளி, 70 நிமிஷ ஆட்டம் 60 ஆகக் குறைப்பு எல்லாம் வந்தன.

எறிந்த பந்தை யாரும் தொடாமல் கீழே விழுந்தால் பந்து எதிரிக்கு என்று ஒரு கடுமையான நிபந்தனையும் வைத்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பயந்து ஒதுங்கின. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்து கோச் எடி கோசெம்ஸ் மட்டும் விதியைத் தீர்க்கமாகப் படித்தார். பையன்களை ஒரு ஏரிக்கரை முகாமுக்குக் கூட்டிப்போய் எறிதலை மட்டும் பழக்கினார். 1906 செப்டம்பர் 5ஆம் தேதி கேரல் கல்லூரிக்கு எதிராக பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பந்து தரையில் விழுந்தது, எதிரிக்குப் போயிற்று. பிறகு மறுபடி எறிந்தார். 20 கெஜம், டச் டவுன்! அந்த சீசனில் செயின்ட் லூயிஸ் தோற்கவே இல்லை. கிழக்கே அதைப் பெரிசாக மதிக்க 1913 நவம்பர் 1 வரை ஆயிற்று. நோட்டர்டேம் என்ற மேற்கத்தியக் கல்லூரி ராணுவ அகாடமியை எறிந்தே 35-13 என்று மடக்கிய பிறகுதான் எல்லோரும் முழித்துக்கொண்டார்கள்.

பாஸ் வந்தவுடன் சாவு நின்றுவிட்டதா என்றால் இல்லை. 1909இலும் மோசமான சீசன், 1910இல் இன்னும் திருத்தங்கள். ஆனால் எதிரி எறிவான் என்ற பயம் இருந்தால் பதினோரு பேரும் ஒரே இடத்தில் குவிந்து நிற்க முடியாது. சிலர் பின்னால் நின்றே ஆக வேண்டும். நாற்பது வருஷ ஒழுக்கப் பிரசங்கம் செய்யாததை அந்தப் பயம் மெதுவாகச் செய்தது. 1912இல் நான்காவது டவுன் சேர்த்தார்கள், எறியும் தூரத்துக்கு இருந்த வரம்பை எடுத்தார்கள். அதோடு ஆட்டம் ஏறக்குறைய இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது.

மேற்குக் கரையில் நடந்தது இன்னும் தமாஷ். ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் 1906இல் இந்த வம்பே வேண்டாம் என்று பழைய ரக்பிக்கே திரும்பிவிட்டன! ஸ்டான்போர்டு யார்? 1890களில் கேம்ப்பே போய் கோச் செய்த பல்கலைக்கழகம். பத்து வருஷத்துக்கு மேல் அங்கே ரக்பிதான். அந்தக் கல்லூரிகளில் ரக்பி பழகியவர்கள் பலர் சேர்ந்த அமெரிக்க அணி 1920 ஒலிம்பிக்கில் பிரான்சை 8-0 என்றும், 1924இல் பாரிஸ் பக்கத்துக் கொலம்பில் அதே பிரான்சை 17-3 என்றும் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. கேம்ப் விட்டுவிட்டு வந்த ஆட்டம், அவர் உயிரோடு இருக்கும்போதே இரண்டு தங்கம்.

ரக்பிக்காரர்கள் பின்னாளில் விதி மாற்றத்துக்குப் பல்கலைக்கழகத்தையே லேபாக வைத்துக்கொண்டார்கள். 2006இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில்தான் புதுப் பரிசோதனை விதிகளைப் போட்டுப் பார்த்தார்கள். நம்ம ஹாஸ்டல் ஏ பிளாக், பி பிளாக் மேட்ச் மாதிரி ஆட்டங்கள்! அதில் தேறிய சில மட்டும் 2009இல் உலக விதியில் ஏறின. முதலில் லேப், அப்புறம் ஃபீல்டு. 1880இல் கேம்ப்புக்கு அப்படி ஒரு லேப் இல்லை, நேரே ஃபீல்டுதான். அதற்கான விலையைப் பையன்கள் கொடுத்தார்கள்.

தோற்ற பிறகு கேம்ப் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. செயலாளர் பதவி போனாலும் கமிட்டி உறுப்பினராகவே இருந்தார். அவர் எதிர்த்த பாஸ் விதியையும் சேர்த்து, வருஷா வருஷம் விதிப் புத்தகத்தைத் தானே பதிப்பித்து விளக்கம் எழுதினார். முதல் உலகப்போர் சமயத்தில் கடற்படைக்காரர்களுக்காகப் பன்னிரண்டு எளிய உடற்பயிற்சிகள் அடங்கிய ஒரு வரிசை செய்து கொடுத்தார். டெய்லி டஜன் என்று அது நாடு முழுக்கப் பரவி, கிராமபோன் தட்டாகக்கூட விற்றது.

1925 மார்ச் மாதம் நியூயார்க்கில் விதிக் கமிட்டிக் கூட்டம். கேம்ப்புக்கு வயது 65. முதல் நாள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு ராத்திரி ஹோட்டல் அறைக்குப் போனார். மறுநாள் காலை கூட்டம் கூடியபோது அவர் நாற்காலி காலி. நேரம் தவறாத கடிகாரக் கம்பெனிக்காரர் ஆச்சே என்று போய்ப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே இறந்திருந்தார். தேதி மார்ச் 14.